எண்ணெயைப் பற்றிப் பேசுங்கள், வாங்குபவரின் தலையைப் பற்றி வேண்டாம்

கேள்வி: வணக்கம் ஐயா. நான் காங்கேயம் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். என் மாமியாரின் கைப்பக்குவத்தில் மூலிகைத் தலை எண்ணெய் காய்ச்சி, நான்கு வருடமாக இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் வழியாக விற்று வருகிறேன். தீபாவளிக்கு முன்னால் முதல்முறையாகப் பணம் கட்டி விளம்பரம் போட்டேன். ரிஜெக்ட் ஆனது. படத்தை மாற்றிப் போட்டேன், மறுபடியும் ரிஜெக்ட். நாலாவது தடவை விளம்பரக் கணக்கையே முடக்கிவிட்டார்கள். அந்த விளம்பரத்தையும் அனுப்பியிருக்கிறேன். "முடி கொட்டுகிறதா? வழுக்கை விழுகிறதா? 30 நாளில் புது முடி! 100% கேரண்டி" என்று எழுதி, ஒரு வாடிக்கையாளரின் உச்சந்தலையைப் போன வருடமும் இந்த வருடமும் எடுத்த படங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தேன். பின்னால் ஒரு சினிமாப் பாட்டு. நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய கம்பெனிக்காரர்கள் இதே மாதிரிதான் போடுகிறார்கள், அவர்களுக்கு மட்டும் எப்படி ஓடுகிறது? 8,000 ரூபாய் கொடுத்தால் வேறு கணக்கில் ஓட்டித் தருவதாக ஒருவர் சொல்கிறார். இல்லையென்றால் கணவர் பெயரில் புதுக் கணக்கு தொடங்கலாமா? லேபிள் வேறு 2,000 அச்சடித்து வைத்திருக்கிறேன். மாமியார் எண்ணெய் காய்ச்சுவதை வீடியோ எடுத்துப் போடச் சொல்கிறாள் என் மகள். அதையெல்லாம் யார் பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டேன். ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: வணக்கம் சகோதரி. முதலில் அந்த 8,000 ரூபாய். கொடுத்துவிடாதீர்கள். கணவர் பெயரில் புதுக் கணக்கும் வேண்டாம். இரண்டுக்கும் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் அவசரத்தில் இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது, அதனால் இதை முன்னாடியே சொல்லிவிட்டேன்.

கோயம்புத்தூரில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடமாகச் சிறு வியாபாரிகளுக்கு விளம்பரம் ஓட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தைப் போன்றவை வாரத்துக்கு ஒன்றாவது வருகிறது. சத்துமாவு, குளியல் சோப்பு, குப்பைமேனிப் பொடி, நலங்கு மாவு என்று பொருள் மாறும். எழுதுபவர் பெரும்பாலும் சமையலறையிலிருந்து தொழில் செய்கிற ஒரு பெண்மணியாக இருப்பார். பொருள் நல்லதாக இருக்கும், வாங்கியவர்கள் திரும்ப வாங்குவார்கள். பணம் கட்டி விளம்பரம் போட்டதும் சுவரில் முட்டியது போல நின்றுவிடும். "என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைக்காது, ஆங்கிலத்தில் நாலு வரி வரும். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நாலு வரியில் நிஜமாகவே ஒரு விஷயம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

விளம்பரத்தைக் கொடுத்தவுடன் அது நேராக ஓடிவிடுவதில்லை. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் மெட்டா என்ற ஒரே நிறுவனத்துடையவை, விதிமுறையும் ஒன்றுதான். முதலில் பார்ப்பது பெரும்பாலும் இயந்திரம். வழக்கமாக 24 மணி நேரத்துக்குள் முடிவு வந்துவிடும், சில சமயம் கூடுதலாகும். படத்தைப் பார்க்கும், படத்துக்குள் எழுதியிருப்பதைப் படிக்கும், கேப்ஷனைப் படிக்கும், யாருக்குக் காட்டச் சொல்லியிருக்கிறீர்கள் என்று பார்க்கும், கிளிக் செய்தால் எங்கே போகிறது என்பதையும் பார்க்கும். போட்ட பதிவைப் பணம் கட்டி இன்னும் பலருக்குக் காட்டுவதும், அதாவது பூஸ்ட் செய்வதும், இதே மாதிரிதான். ஓடிக்கொண்டிருக்கிற விளம்பரத்தில் படத்தையோ வாசகத்தையோ மாற்றினால் மறுபடி முதலிலிருந்து பரிசோதனை. நீங்கள் படத்தை மட்டும் மாற்றி, வாசகத்தை அப்படியே விட்டு நாலு தடவை அனுப்பியிருக்கிறீர்கள். நீங்கள் விடாமுயற்சி என்று நினைத்திருப்பீர்கள். அந்தப் பக்கத்தில் அது, சொன்ன பிறகும் அதே விதியை மீறுகிறார் என்று பதிவாகியிருக்கும். கணக்கு முடங்கியது அதனால்தான். ஒரு விளம்பரம் ரிஜெக்ட் ஆவது பெரிய விஷயமே இல்லை, எனக்கும் இன்றுவரை ஆகிறது. திருத்தாமல் திருப்பி அனுப்புவதுதான் ஆபத்து.

இப்போது வாசகத்துக்கு வருவோம். "முடி கொட்டுகிறதா? வழுக்கை விழுகிறதா?"

நம் ஊர்ச் சந்தையில் எண்ணெய் விற்பவர் இப்படித்தான் கூவுவார், அது தப்பில்லை. கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகச் சொல்கிறார், யாரும் தன்னைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்வதில்லை. கைபேசியில் அப்படி இல்லை. ஒருவர் ராத்திரி படுக்கையில் தனியாகத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது "வழுக்கை விழுகிறதா?" என்று அவர் முகத்துக்கு நேராக வந்து நிற்கிறது. "என் தலையைப் பற்றி இவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அவருக்குத் தோன்றும். மெட்டாவின் விதி இதைத்தான் தடுக்கிறது. பார்ப்பவரின் மதம், இனம், வயது, உடல்நலம், பணக்கஷ்டம், குற்றப் பின்னணி போன்ற சொந்த விஷயம் எதுவும் விளம்பரதாரருக்குத் தெரியும் என்ற தொனியில் விளம்பரம் பேசக் கூடாது. நேராகச் சொன்னாலும் சரி, குறிப்பாக உணர்த்தினாலும் சரி. "சர்க்கரை நோயாளியா நீங்கள்?" கூடாது. "சர்க்கரை நோய்க்கான ஆலோசனை மையம்" இருக்கலாம். "கடனில் தவிக்கிறீர்களா?" கூடாது. "கடன் தீர்க்கும் ஆலோசனை" இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பார்த்தீர்களா? முதலாவது வாங்குபவரைப் பார்த்துப் பேசுகிறது. இரண்டாவது தான் என்ன கொடுக்கிறது என்று பேசுகிறது.

தமிழில் ஒரு கூடுதல் சங்கடம் உண்டு. "நீங்கள்", "உங்கள்" என்ற சொற்களை எடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் வாசகத்தில் அந்தச் சொற்களே இல்லை. ஆனாலும் "கொட்டுகிறதா" என்ற அந்தக் கேள்வி வடிவமே எதிரில் இருப்பவரைத்தான் கேட்கிறது. அதனால் என்னிடம் வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, உடல் சம்பந்தமான பொருளாக இருந்தால் விளம்பரத்தின் முதல் வரியைக் கேள்வியாக எழுதாதீர்கள் என்பதுதான். இந்த ஒரு பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

அடுத்தது படம். உச்சந்தலையை நெருக்கமாக எடுத்து, சொட்டையாக இருந்த இடத்தைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டி, பக்கத்தில் முடி அடர்ந்த படம். அது உண்மையான படம் என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் அந்தப் படம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, பார்க்கிறவரைத் தன் உடம்பை நினைத்துக் கூசவைக்கிறது. அப்படிக் கூசவைத்துப் பொருள் விற்பதை மெட்டா வெளிப்படையாகவே தடை செய்திருக்கிறது. இரண்டாவது, ஒருவருக்கு நடந்ததை எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்லாமல் சொல்கிறது. அவருக்கு முடி வந்ததற்கு உங்கள் எண்ணெய் காரணமாக இருக்கலாம், பிரசவத்துக்குப் பிறகு கொட்டிய முடி தானாகத் திரும்பியிருக்கலாம், இரும்புச்சத்துக் குறை சரியானதாலும் இருக்கலாம். படத்தை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே முன்–பின் படங்களை இந்தத் தொழிலில் முழுசாக மறந்துவிடுங்கள்.

மூன்றாவதாக "30 நாளில் புது முடி, 100% கேரண்டி". இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இது மெட்டாவோடு முடிகிற விஷயம் இல்லை, நம் நாட்டுச் சட்டத்தையும் தொடுகிறது.

1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் அட்டவணை ஜே என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள நோய்களைத் தடுக்கும் என்றோ குணப்படுத்தும் என்றோ எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது. புற்றுநோய், எய்ட்ஸ் எல்லாம் அதில் இருக்கும் என்று யாரும் ஊகித்துவிடலாம். வழுக்கையும் அதில் இருக்கிறது, முடியின் நிறம் மாறுவதும் புது முடி வளர்வதும் இருக்கின்றன என்று சொன்னால் எண்ணெய் வியாபாரிகளில் பத்துக்கு ஒன்பது பேர் திகைத்துவிடுகிறார்கள். நீங்கள் "இது மருந்து இல்லை, வெறும் எண்ணெய்தான்" என்று சொல்லலாம். ஆனால் புது முடி முளைக்கும் என்று எழுதிய அந்தக் கணமே அதை மருந்தாகப் பேசிவிட்டீர்கள். இது போக, மந்திர மருந்து போல விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "100%" என்று ஒரு போஸ்டரில் போடுவதற்கு எவ்வளவு கனம் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த 2,000 லேபிள்களை நினைத்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் "வழுக்கை மறையும்" என்ற வரி இருக்கிறதே, அதை ஒட்டாதீர்கள். விளம்பரப் படத்தில் பாட்டில் தெரியும், பாட்டிலில் லேபிள் தெரியும், லேபிளில் உள்ளதையும் இயந்திரம் படிக்கும். வாசகத்தை எவ்வளவு அழகாகத் திருத்தினாலும் அந்த ஒரு வரி கவிழ்த்துவிடும். புதிதாக அச்சடிப்பதற்கு முன்னால் இன்னொன்றையும் சரிபாருங்கள். வீட்டில் காய்ச்சினாலும் விற்பனைக்கு என்று வரும்போது தலை எண்ணெய்க்கு உற்பத்தி உரிமம் வேண்டும், அழகுசாதனமாகவோ சித்த, ஆயுர்வேதத் தயாரிப்பாகவோ. முதலாவதற்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, இரண்டாவதற்கு இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறை. கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாததால் கேட்கிறேன். உரிமம் இல்லையென்றால் விளம்பரத்தை ஒரு ஓரமாக வைத்துவிட்டு அதை முதலில் பாருங்கள். விளம்பரம் ஓடி ஆயிரம் ஆர்டர் வந்த பிறகு இந்தக் கேள்வி வருவதைவிட, இப்போது வருவது நல்லது.

சரி, விளம்பரத்தை எப்படி எழுதுவது? உங்களுடையதையே எடுத்துத் திருத்திக் காட்டுகிறேன். அதற்காக உங்கள் பழைய பதிவுகளைக் கீழே வரை போய்ப் பார்த்தேன். எட்டு மாதத்துக்கு முன் ஒரு பதிவில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "இன்னைக்குக் காலையில பறிச்ச கரிசலாங்கண்ணி. அம்மா கையால அரைச்சு, நம்ம ஊரு செக்கு எண்ணெயில." அதற்குப் பணமே கட்டவில்லை, ஆனால் கீழே எவ்வளவு பேர் விலை கேட்டிருக்கிறார்கள் என்று நீங்களே பாருங்கள். உங்களுக்கு எழுதத் தெரிகிறது சகோதரி. பணம் கட்டுகிற போஸ்டர் என்றதும் யாரோ ஒரு டிசைனர் சொன்ன மொழிக்கு மாறிவிட்டீர்கள்.

"முடி கொட்டுகிறதா? வழுக்கை விழுகிறதா?" என்ற இடத்தில் "காங்கேயம் செக்கு எண்ணெயில் காய்ச்சிய கரிசலாங்கண்ணித் தைலம்" என்று வையுங்கள். "30 நாளில் புது முடி" என்பதற்குப் பதில் "கறிவேப்பிலை, செம்பருத்தி, நெல்லிக்காய், வெந்தயம் சேர்த்து இரும்புச் சட்டியில் பொறுமையாகக் காய்ச்சியது". "100% கேரண்டி" இருந்த இடத்தில், நீங்கள் உண்மையாகவே கொடுக்கக்கூடிய ஒரு வாக்கைப் போடுங்கள். பாட்டில் உடைந்து வந்தால் மாற்றித் தருவீர்களா? அதை எழுதுங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் காய்ச்சிய தேதி எழுதுவீர்களா? அதையும் எழுதுங்கள். "பக்க விளைவு கிடையாது" என்று போஸ்டரின் மூலையில் இருப்பதை எடுத்துவிடுங்கள். வெந்தயம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதை நீங்களே வாடிக்கையாளரிடம் சொல்லியும் இருப்பீர்கள். கடைசி வரியாக விலை, அளவு, கூரியர் எத்தனை நாளில் வரும் என்பது. தீர்ந்தது. இதில் எந்த வரியும் யாருடைய தலையையும் பார்த்துப் பேசவில்லை. எல்லா வரியும் எண்ணெயைப் பற்றியே பேசுகிறது. "கூந்தல் மிருதுவாக, பளபளப்பாக இருக்கும்" என்பது போன்ற அழகுசாதனப் பேச்சு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம். முளைக்கும், நிற்கும், குணமாகும், தீரும் என்ற வினைச்சொற்கள் வந்தால் மட்டும் கை நின்றுவிட வேண்டும்.

கிளிக் செய்தால் போகிற இடத்தை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் பயோவில் "வழுக்கைக்கு 30 நாளில் தீர்வு" என்று இன்னும் இருக்கிறது. வாட்ஸ்அப் கேட்டலாக்கிலும், அதாவது பொருள் பட்டியலிலும், அதே வரி. புது விளம்பரம் போடும் முன் இவற்றையெல்லாம் மாற்றிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் மருந்துப் பொருட்களை விற்பதற்குத் தனியாகவே தடை இருக்கிறது, கேட்டலாக்கில் "மருந்து" என்ற சொல்லே வேண்டாம். ஹைலைட்ஸில் வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்களை அடுக்கி வைத்திருக்கிறீர்களே, அதில் மூன்று பேருடைய போன் நம்பர் அப்படியே தெரிகிறது. இன்றைக்கே அவற்றை எடுத்துவிடுங்கள். அவர்கள் நம்பி அனுப்பியது அது. "அக்கா, சொட்டை போயிருச்சு" என்று ஒருவர் எழுதியதை விளம்பரத்தில் போட்டால், அதை அவர் சொன்னார் என்று தப்பிக்க முடியாது. போட்டவர் நீங்கள், ஆகவே அது உங்கள் கூற்றுதான். "வாசனை நல்லா இருக்கு, ரெண்டாவது பாட்டில் வாங்கறேன்" என்று எழுதியவரிடம் அனுமதி கேட்டு அதைப் போடுங்கள்.

யாராவது "வ.ழு.க்.கை என்று புள்ளி வைத்து எழுதினால் இயந்திரத்துக்குப் புரியாது" என்று சொல்லித் தருவார்கள். கேட்காதீர்கள். மறைத்து எழுதுவது விதியை ஏமாற்றும் முயற்சி என்று தனிக் குற்றமாகவே எண்ணப்படும். தெரியாமல் செய்த தவறை மன்னிக்க இடமிருக்கிறது, இதற்கு இல்லை. அதேபோல "படத்தில் 20 சதவீதத்துக்கு மேல் எழுத்து இருந்தால் ரிஜெக்ட்" என்று இன்னமும் டிசைனர்கள் சொல்கிறார்கள். அந்தக் கட்டுப்பாட்டை 2020-லேயே எடுத்துவிட்டார்கள். எழுத்து குறைவாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும், அது வேறு விஷயம். சினிமாப் பாட்டு மட்டும் கூடாது. சாதாரண ரீல்ஸில் போட்டுக்கொள்ள அனுமதி உள்ள பாட்டு, பணம் கட்டி விளம்பரமாக்கும்போது உதவாது, அதற்கான உரிமை நம்மிடம் இல்லை. மெட்டாவே இலவசமாக ஓர் இசைத் தொகுப்பு வைத்திருக்கிறது, வேண்டுமானால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய கம்பெனிகளுக்கு மட்டும் எப்படி ஓடுகிறது என்ற உங்கள் கேள்வி நியாயமானது. விளம்பர நூலகம் என்று மெட்டா ஒரு பக்கம் வைத்திருக்கிறது. எந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டாலும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் அதன் விளம்பரங்களை எல்லோரும் பார்க்கலாம், காசு இல்லை. உங்கள் துறையில் பெயர்பெற்ற ஐந்தாறு நிறுவனங்களை அதில் தேடி ஒரு மத்தியானம் பொறுமையாகப் பாருங்கள். நீண்ட காலமாக ஓடுகிற விளம்பரங்களில் அனேகமாக மூலிகை, வாசனை, குடும்பம், பாரம்பரியம் இவற்றைத்தான் பேசியிருப்பார்கள். மோசமான விளம்பரமும் கண்ணில் படும், இல்லை என்று சொல்லமாட்டேன். இயந்திரம் தவறவிடுகிறது, தவறவிட்டதைப் பிறகு பிடிக்கவும் செய்கிறது. இன்றைக்கு ஓடுகிறது என்பதால் அது அனுமதிக்கப்பட்டது என்று ஆகிவிடாது. ஒருவருக்குப் பத்துக் கணக்கு முடங்கினால் பதினொன்றாவது தொடங்க ஆளும் பணமும் இருக்கலாம். உங்களுக்கு இருப்பது ஒரே பேஜ், நான்கு வருட உழைப்பு. அவர்களோடு அந்தப் பந்தயத்துக்கு நீங்கள் போக வேண்டாம்.

இப்போது முடங்கிய கணக்கு. 8,000 ரூபாய் கேட்கிற அந்த ஏஜென்ட் தரப்போவது வேறு யாருடைய பெயரிலோ இருக்கிற கணக்கு. அதில் உங்கள் பேஜைச் சேர்த்து இதே விளம்பரத்தை ஓட்டுவார். இரண்டு நாள் ஓடும். பிறகு அந்தக் கணக்கு முடங்கும்போது, அதனோடு சேர்ந்திருந்த உங்கள் பேஜும் மாட்டும். இப்போது முடங்கியிருப்பது விளம்பரக் கணக்கு மட்டும்தான், பேஜ் பிழைத்திருக்கிறது என்பதை மறக்காதீர்கள். கணவர் பெயரில் தொடங்குவதும் இதே கதைதான். அதே பேஜ், அதே கார்டு, அதே வீட்டு இணைப்பு. முடக்கத்தைச் சுற்றிக்கொண்டு வருகிறார்கள் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும், அது இன்னும் பெரிய மீறல். அந்த 8,000 ரூபாயை வைத்திருங்கள். கணக்கு திரும்பியதும் நாளுக்கு 300 ரூபாய் வீதம், 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து, அதில் மூன்று வாரத்துக்கு மேல் நல்ல விளம்பரம் ஓட்டலாம்.

கணக்கைத் திரும்பப் பெற ஒரே வழி, மெட்டாவின் வணிக உதவிப் பக்கத்துக்குள் போய் மறுபரிசீலனை கேட்பதுதான். முடக்கப்பட்ட கணக்கின் பெயரைத் தொட்டால் காரணமும், ரிக்வெஸ்ட் ரிவ்யூ பொத்தானும் தெரியும். அதை அமுக்குவதற்கு முன்னால் மேலே சொன்னவற்றை முடித்துவிடுங்கள்: பயோ, கேட்டலாக், ஹைலைட்ஸ், பழைய போஸ்டர்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு எண்ணையும் கேட்கிற இருபடிப் பாதுகாப்பைப் போட்டுவிடுங்கள். அடையாள அட்டை கேட்டால் பெயர் அட்டையில் உள்ளபடியே ப்ரொஃபைலிலும் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத இடம் கொடுத்தால் கோபத்தைக் கொட்டாமல், சுருக்கமாக, இந்தப் பொருளில்: "என் விளம்பரத்தில் பார்ப்பவரின் உடல்நிலையைச் சுட்டும் வாசகமும் முன்–பின் படங்களும் இருந்தன. அவற்றை நீக்கிவிட்டேன். பேஜிலும் கேட்டலாக்கிலும் இருந்த அதே வாசகங்களையும் மாற்றிவிட்டேன்." வாதாட வேண்டாம். பெரிய கம்பெனிகளை இழுக்கவும் வேண்டாம். ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திருங்கள். இரண்டாவது முடிவும் எதிராக வந்தால் பெரும்பாலும் அதுவே கடைசி என்பதால்தான் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுக் கேளுங்கள் என்கிறேன்.

காத்திருக்கும் நாட்களில் ஒரு செய்தி வரலாம். எனக்குத் தெரிந்த ஒரு சேலைக் கடைக்காரருக்கு இப்படித்தான் ஆனது. அவருடைய விளம்பரமும் முடங்கியிருந்த நேரம், ராத்திரி பதினோரு மணிக்கு மெசஞ்சரில் ஒரு தகவல். நீல நிற மெட்டா சின்னம், "உங்கள் பேஜ் 24 மணி நேரத்தில் நீக்கப்படும், மேல்முறையீட்டுக்கு இங்கே அமுக்கவும்" என்று. பதற்றத்தில் அமுக்கி, கடவுச்சொல்லைக் கொடுத்து, கைபேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணையும் கொடுத்துவிட்டார். காலையில் எழுந்து பார்த்தால் பேஜ் அவர் கையில் இல்லை. யாரோ அவருடைய கார்டில் விளம்பரம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மெட்டா உங்கள் கணக்கைப் பற்றி ஏதாவது முடிவெடுத்தால் அது அந்த வணிக உதவிப் பக்கத்துக்குள்ளும் இருக்கும், அங்கே போய்ப் பாருங்கள். மெசஞ்சரில், வாட்ஸ்அப்பில், கமெண்ட்டில் வரும் எதையும் தொடாதீர்கள். உங்கள் கணவரிடமும் மகளிடமும் இதைச் சொல்லி வையுங்கள், அவர்கள் கைபேசியிலும் பேஜ் திறந்திருக்கும் அல்லவா.

கடைசியாக உங்கள் மகள் சொன்ன யோசனை. அவள் சொன்னதுதான் சரி. கடிதம் முழுவதிலும் எனக்குப் பிடித்த வரியும் அதுதான்.

அடுத்த முறை காய்ச்சும்போது கைபேசியை அடுப்புக்கு ஓரமாக, கைக்கு எட்டுகிற உயரத்தில் நிறுத்துங்கள். மாமியாரின் முகம் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. இலையை அரைக்கிற கை, விழுதை எண்ணெயில் விடும்போது குப்பென்று எழும் நுரை, நிறம் பச்சையிலிருந்து கறுப்புக்குப் போவது. ஈரம் இருக்கிற வரைக்கும் எண்ணெய் சடசடவென்று பொரியும், பதம் வந்ததும் அந்தச் சத்தம் அடங்கும். காய்ச்சத் தெரிந்தவர்கள் காதாலேயே பதம் பார்ப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தச் சத்தம் அடங்குகிற இடம் வரை வீடியோவை வெட்டாமல் விடுங்கள். அதற்கு மேல் பாட்டு எதுவும் வேண்டாம். மாமியார் "ம்… இப்ப இறக்கிரலாம்" என்று சொன்னால் அதையும் அப்படியே விடுங்கள். கீழே மூலிகைகளின் பெயர், அளவு, விலை. அதை நாளைக்கே சாதாரணப் பதிவாகப் போடலாம், அதற்கு விளம்பரக் கணக்கு தேவையில்லை. கணக்கு திரும்பி வந்த அன்று அதையே பூஸ்ட் செய்யுங்கள். போட்டதும் எனக்கும் அனுப்புங்கள், நான் பார்க்க வேண்டும்.